ஆறு வயது மகன் கண்டதிலெல்லாம் ஏறுகிறான். தடுப்பதா, பழக்குவதா?

பழக்குங்கோ. ஒலிம்பிக்கில் சுவர் ஏறுவதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு, யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறீங்கள். கீரிமலைக்குப் பேரில் மட்டும்தான் மலை. குடாநாடே தட்டையான சுண்ணாம்புக்கல் தரை. ஆனால் வளவில் ஒரு மாமரம் நின்றால் இப்போதைக்கு அது காணும்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கிணற்றடி மாமரத்தில் இரண்டாம் கொப்பு வரை விறுவிறுவென்று ஏறிவிட்டாள், இறங்கத் தெரியவில்லை. முசுறு வேறு கடிக்கத் தொடங்க, "அப்பா தூக்குங்கோ" என்று அழுகை. எனக்கு எட்டும் உயரம்தான். தூக்காமல் கீழே நின்று, "மரத்தைக் கட்டிப்பிடி. இடது காலை மெல்லக் கீழ விடு, இன்னும் கொஞ்சம், அந்த முண்டில வை" என்றேன். பெருவிரல் அந்த முண்டைத் தேடித் தடவியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இறங்கினாள், முசுறைத் தட்டினாள், திரும்ப ஏறினாள். அம்மம்மாவிடம் ஏச்சு வாங்கியது நான்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம், பிள்ளையைக் கொப்பில் தூக்கி ஏற்றிவிடுவதில்லை. தானாக ஏற முடியாத இடத்திலிருந்து தானாக இறங்கவும் வராது. இரண்டு கை, இரண்டு கால், நாலில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேணும். முருங்கைப் பக்கம் விடவே வேண்டாம், சொல்லாமல் முறியும். மாரியில் பாசி பிடித்த கொப்பும் வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம். மரத்தில் அதன் வார் கொப்பில் கொழுவிக் கழுத்தை இறுக்கிவிடும். அதையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிட்டு ஏற விடுங்கோ.

அவன் பார்த்தது வேகப் போட்டியாக இருக்கும். 15 மீட்டர் சுவரை 5 செக்கன் அளவில் ஏறுவார்கள். எங்கேயாவது செயற்கைச் சுவரில் ஏற வாய்ப்புக் கிடைத்தால், வேகத்தை மறந்து, கயிறு மேலே மாட்டியிருக்க, கீழே ஒருவர் இழுத்துப் பிடிக்கும் முறையில் தொடங்குங்கோ. இந்த வயதில் இடுப்பு ஒடுங்கல், தலைகீழானால் கயிறு கட்டும் இடுப்புப் பட்டி நழுவும். தோளையும் சேர்த்துக் கட்டும் பட்டி கேளுங்கோ. முடிச்சை ஒவ்வொரு முறையும் நீங்களே பாருங்கோ.

உங்கள் வீட்டிலும் அம்மம்மா இருந்தால், முதல் நாளை அவ கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து வையுங்கோ.