சூயஸ்: எதிர்த்தவன் கைக்குப் போன கால்வாய்

வணக்கம் சார்,

சூயஸ் கால்வாயை பிரிட்டிஷ் பேரரசின் உயிர்நாடி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அது பிரெஞ்சுக்காரர்களின் திட்டம், பிரிட்டன் எதிர்த்தது என்றுதான் படித்திருக்கிறேன். எதிர்த்தவர்கள் கைக்கு எப்படிப் போனது? பங்குகளை வாங்கியதாலா?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

எதிர்த்தது உண்மைதான். இந்தியாவுக்குப் போகிற வழியில் பிரான்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பிரதமர் பாமர்ஸ்டனுக்கு பயம். திட்டத்தை நடத்திய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் விடவில்லை. எகிப்திய விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துவந்து தோண்டினார்கள். 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறந்தது.

ஐந்தே நாளில் ஸ்காட்லாந்தில் 'கட்டி சார்க்' கப்பல் தண்ணீரில் இறங்கியது. சீனத் தேயிலையை வேகமாகக் கொண்டுவரவென்றே கட்டிய பாய்மரக் கப்பல். பாவம், நேரம் சரியில்லை. செங்கடல் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராது. லண்டன்-பம்பாய் தூரம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததே, அந்த லாபம் நீராவிக் கப்பல்காரர்களுக்குத்தான். அதில் முன்னால் நின்றது பிரிட்டன். கால்வாயில் போன சரக்கில் முக்கால்வாசி அவர்களுடையதாயிற்று. 'கட்டி சார்க்' கடைசியில் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றப் போனது.

எகிப்துக்கு மிஞ்சியது கடன். 1875இல் எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் கால்வாய்க் கம்பெனியில் தனக்கிருந்த 1,76,602 பங்குகளை விற்க, பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி வங்கிக்காரர் ரோத்ஸ்சைல்டிடம் 40 லட்சம் பவுண்ட் கடன் வாங்கி அவற்றை எடுத்துக்கொண்டார். இதில் ஒரு கூத்து. அந்தப் பங்குகளின் லாபக் கூப்பன்களைக் கெதிவ் 1894 வரைக்கும் முன்கூட்டியே அடகு வைத்திருந்தார். அதனால் விற்றவரே வாங்கியவருக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி கட்ட வேண்டியதாயிற்று!

ஆனால் அவை மொத்தப் பங்கில் 44 சதவீதம்தான். கம்பெனி நிர்வாகம் பாரீஸிலேயே இருந்தது. எனவே பங்கை வாங்கியதால் கால்வாய் கைக்கு வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். வந்தது 1882இல், பட்டாளத்தோடு. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த எகிப்திய கர்னல் உராபிக்குக் கால்வாயை அடைத்துவிடும் யோசனை இருந்தது. இது நடுநிலைப் பாதை, பிரிட்டிஷார் நுழைய மாட்டார்கள் என்று லெசெப்ஸ் அவரைத் தேற்றினார். உராபி நம்பினார். பிரிட்டிஷ் கப்பல்கள் அதே கால்வாய் வழியாக வந்து, கரையிலிருந்த இஸ்மாயிலியா நகரில் படையை இறக்கின. செப்டம்பர் 13 அன்று டெல் எல் கெபீர் என்ற இடத்தில் உராபியின் படைமீது விடிவதற்குள் பாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். கால்வாய்ப் பகுதியிலிருந்து அவர்களின் கடைசிப் படைகள் கிளம்பியது 1956 ஜூனில்.

உராபியை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1901 வரை அங்கேதான் இருந்தார். கண்டிப் பக்கம் போனால், அவர் குடியிருந்த வீட்டை இன்றும் பார்க்கலாம்.