அந்தத் தட்டை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. என் மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நிபா மாதிரி கொடிய தொற்று வந்தால் தனி வார்டில் வேலை பார்க்க ஒரு குழு அமைக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். அம்மா வேலையையே விடச் சொல்கிறார். கொரோனா சமயத்தில் அவளுக்கென்று அம்மா ஒதுக்கிய எவர்சில்வர் தட்டும் டம்ளரும் இன்னும் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. அவ்வளவு பயம் அம்மாவுக்கு. அவளும் அதிலேயே சாப்பிட்டுப் பழகிவிட்டாள். பெயரைத் திரும்ப வாங்கச் சொல்லி நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

பதில்: தம்பி, உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

2020-லிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் கணவர்கள்தான் எழுதுவார்கள், அம்மாவின் பயத்தை முன்னால் நிறுத்தி. பயம் இருக்கட்டும். அந்தத் தட்டு ஏன் இன்னும் தாழ்வாரத்தில் கிடக்கிறது? எவர்சில்வர் மேல் கொரோனா கிருமி மூன்று நாள் வரைதான் தாங்கும் என்று அந்த வருடமே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கழுவினால் அதுவும் கிடையாது. கொரோனா, நிபா, எபோலா மூன்றுக்கும் மேலே கொழுப்பு உறைதான். சோப்பு பட்டால் சிதைந்துவிடும். அப்படியானால் இத்தனை வருடமாக அந்தத் தட்டில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது? தனி டம்ளர் வைத்த டீக்கடைகளைப் பார்த்த மண்ணில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

'பழகிவிட்டாள்' என்று எழுத எப்படிக் கை வந்தது உங்களுக்கு? ராத்திரி முழுக்க யார் யாருக்கோ ட்ரிப்ஸ் மாற்றி, பெட்பேன் எடுத்துவிட்டு, காலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறாள். கூடத்தில் நீங்களும் பிள்ளைகளும் இட்லி சாப்பிடுகிறீர்கள். அவள் கொல்லைப்பக்கம் போய்த் தன் தட்டைத் தானே கழுவி எடுத்துக்கொள்கிறாள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. அன்றைக்கு நீங்களும் 'சே, என்ன மனிதர்கள்' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அவர்கள் கையில் இருந்த கல்லும் உங்கள் வீட்டுத் தட்டும் ஒரே புத்தியில் பிறந்தவை. கடுமையாகச் சொல்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நர்ஸ் லினி, என்ன நோய் என்றே தெரியாமல் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டார். 21-ம் தேதி நிபாவில் இறந்துபோனார். அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தத் தடவை பெரும்பாலானோருக்கு நோய் தொற்றியதே ஆஸ்பத்திரிக்குள்தான். 2021 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் ஒரு சிறுவன் நிபாவில் இறந்தான். அவனைக் கவனித்தவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. நடுவில் அங்கே இருந்தவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். உங்கள் மனைவி பெயர் கொடுத்திருப்பதும் அப்படிக் கற்றுக்கொள்வதற்குத்தான். அவர் பெயரை எடுத்துவிட்டால் நோயாளி வராமல் இருந்துவிடுவாரா? சாதாரணக் காய்ச்சல் என்று ஓ.பி.யில் வந்து நிற்பார். பயிற்சி இல்லாத கை அவரைத் தொடும். அது உங்கள் மனைவியின் கையாகவே இருக்கலாம்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி அவசரநிலை அறிவித்தார்களே, எட்டிப்பிடிக்கும் தூரம்தான். வாந்திபேதியில் துவண்டு வந்தவர்களுக்கு ஊசி குத்தி உப்புநீர் ஏற்றியவர்களும் யாரோ ஒரு வீட்டு மருமகள்கள்தான். அவர்கள் மாமியார்களும் விடச் சொல்லியிருந்தால்?

ஏன் கேட்காமல் கொடுத்தாள் என்கிறீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

கணவனாகக் கவலைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கவலையை உருப்படியாகப் படுங்கள். முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற என்-95 மாஸ்க் தருகிறார்களா, கவச உடையோடு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், டியூட்டி முடிந்து தங்க இடம் உண்டா என்று கேளுங்கள். மாட்டும்போதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். முதலில் கையுறை, அப்புறம் அங்கி, கண்ணாடி. அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் மாஸ்க். ஒருவர் கழற்றுவதை இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும். அசதியில் கை தானாக முகத்துக்குப் போகும். அதனால்தான் தூக்கம் முக்கியம். வீட்டுக்கு வந்தால் அவள் தூங்க முடிகிறதா, தம்பி?

பெற்றவள் பேச்சை மீறக்கூடாது என்று நினைக்கிறவள்தான் நான். இந்த ஒன்றில் மீறுங்கள். உங்கள் அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறினால் முதலில் மருமகளைத்தான் எழுப்புவீர்கள். அந்தக் கை மட்டும் வேண்டும், அந்தக் கை தொட்ட தட்டு வேண்டாம் என்றால் அது குடும்பமே இல்லை. அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள். அதையும் மனைவி தலையில் கட்டாதீர்கள்.

பயிற்சி எந்தத் தேதியில் என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கட்டி, ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது உங்கள் வேலை. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.