கழுகுக்குக் காவல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஸ்காட்லாந்தில் மல் என்ற தீவில் ஒரு முறை அழிந்துபோய், மறுபடி கொண்டுவந்து விட்ட கழுகின் கூட்டுக்கு ஊர்க்காரர்களே முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அரசியல் கேள்விக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. அதனால் இந்த வாரம் முழுக்கக் கழுகுதான்.

கொண்டுவந்து காட்டில் விட்டாயிற்று, அது பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே. அதற்கு எதற்கு ஆள் போட்டுக் காவல்? (வாசகர், மதுரை)

அது பாட்டுக்குத்தான் ஐயா வாழ்ந்துகொண்டிருந்தது. விட்டார்களா? வெள்ளைவால் கடற்கழுகு ஒரு காலத்தில் பிரிட்டன் கடற்கரைகளில் நிறையவே இருந்த பறவை. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் என்று சுட்டார்கள், செத்த ஆட்டில் விஷம் தடவி வைத்தார்கள், மிச்சம் இருந்ததன் முட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். 1916இல் ஸ்கை தீவில் கட்டிய கூடுதான் கடைசிக் கூடு. அப்புறம் அறுபது வருடம் ஒன்றும் இல்லை. 1975இல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் என்ற தீவில் விட ஆரம்பித்தார்கள், 1985 வரை மொத்தம் 82 பறவைகள். இங்கே பிறந்த முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது 1985இல், மல் தீவில். அதாவது பத்து வருட உழைப்புக்கு ஒரு குஞ்சு. இந்தக் கழுகு ஜோடி சேர்ந்து கூடு கட்டவே நாலைந்து வயதாகும், அப்புறமும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இப்படிப்பட்ட பறவையின் கூட்டில் ஒருவன் ஒரு ராத்திரி ஏறி இறங்கினால் போதும், ஒரு வருடம் போச்சு.

ஏறி இறங்கிய கதையும் உண்டு, ஆனால் அது வேறு பறவை. நம் ஊரில் விராலடிப்பான் என்று சொல்வோமே, ஏரியில் பாய்ந்து மீன் தூக்கும் பருந்து, அது. பிரிட்டனில் கூடு கட்டுவதை விட்டுப் பல வருடம் ஆன பிறகு, 1954இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் தானாகத் திரும்பி வந்து குஞ்சு பொரித்தது. 1958இல் காவலுக்கு ஆள் இருக்கும்போதே இருட்டில் ஒருவன் மரமேறி முட்டைகளை எடுத்துவிட்டான். துரத்தினார்கள், ஆள் தப்பிவிட்டான், முட்டைகள் கீழே விழுந்து உடைந்தன. சரி, கூட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தால், பூட் பாலிஷ் தடவிய இரண்டு கோழி முட்டை! பறவை அடைகாத்துக்கொண்டே இருக்கும், காவல்காரர்களுக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

அடுத்த வருடம் பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தலைகீழாக ஒரு காரியம் செய்தார். அதுவரை கூடு இருக்கும் இடம் பரம ரகசியம். அவர், ‘எல்லாரும் வந்து பாருங்கள்’ என்று கூட்டுக்குத் தள்ளி ஒரு மறைவிடம் போட்டுத் தொலைநோக்கியும் வைத்துவிட்டார். அந்த ஒரு வருடத்தில் 14,000 பேர் வந்தார்கள். தெரு முழுக்கத் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்தால் திருடன் எந்த வீட்டுக்குள் நுழைவான்? பின்னால் மல் தீவிலும் மற்ற இடங்களிலும் வந்த தொண்டர் காவலுக்கெல்லாம் இதுதான் முன்னோடி.

திருடிய முட்டையை என்ன செய்வார்கள், ஆம்லெட்டா? (வாசகி, கும்பகோணம்)

ஆம்லெட் என்றால்கூட மன்னித்துவிடலாம் அம்மா, பசிக்குச் செய்தான் என்று போகும். ஓட்டில் பொடி ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு, வெறும் ஓட்டைப் பஞ்சில் வைத்து இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். யாருக்கும் காட்ட முடியாது. விற்றாலும் மாட்டிக்கொள்வார்கள். 1954இலேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று, பின்னால் சிறைத் தண்டனையும் வந்தது. அதற்கப்புறமும் எடுத்தார்கள். தபால்தலை சேர்ப்பது மாதிரி ஒரு பைத்தியம், ஆனால் தபால்தலைக்குள் குஞ்சு இருப்பதில்லை.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகிறேன். இந்தத் தொண்டர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? நான் சேர முடியுமா? (மாணவர், கோவை)

சேரலாம் தம்பி. ஆனால் கழுகைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். மரத்தில் ஏறுவது, குஞ்சுக்கு வளையம் மாட்டுவது எல்லாம் உரிமம் உள்ளவர்கள் வேலை. மற்றவர்களுக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

ரட்லண்ட் வாட்டர் என்று இங்கிலாந்தின் நடுவில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள், 2001இல் முதல் குஞ்சு பொரித்தது. தொண்டர்கள் முறை போட்டு மரக் குடிலுக்குள் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எத்தனை மணிக்கு ஆண் மீனோடு வந்தது, என்ன மீன், தலையைத் தானே தின்றுவிட்டு மிச்சத்தைக் கொடுத்ததா (பெரும்பாலும் அப்படித்தான், எல்லா வீட்டிலும் நடப்பதுதான்), பெண் எழுந்து போனால் முட்டை மேல் ஆண் வந்து உட்கார எத்தனை நிமிடம் ஆயிற்று, புதிதாக ஒரு பறவை சுற்றினால் அதன் கால் வளையம் என்ன நிறம், என்ன எழுத்து. மழையும் குளிருமாக இருக்கும் ஏப்ரலில் நாலு மணி நேரம் இதையே பார்க்க வேண்டும். பல நாள் பக்கம் முழுக்க ‘அடைகாக்கிறது, அடைகாக்கிறது, அடைகாக்கிறது’ என்றுதான் இருக்கும்.

சலிப்பான வேலைதான், ஆனால் அந்த நோட்டில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே பிறந்த குஞ்சு இலையுதிர் காலத்தில் அம்மா அப்பா துணையில்லாமல் தனியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறந்துபோய், இரண்டு மூன்று வருடம் அங்கேயே இருந்துவிட்டு, ஒரு நாள் திரும்பி வரும். வந்தது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று வளையத்தைப் படித்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா.

நான் ஆடு வளர்க்கிறேன். என் குட்டியைத் தூக்கும் பறவைக்கு நானே காவல் இருக்க வேண்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

இந்தக் கடிதத்துக்காகவே இந்த வாரப் பகுதியை எழுதினேன் என்று சொல்லலாம். சிறகை விரித்தால் எட்டடி இருக்கும் பறவை அது. அங்கே அதைப் ‘பறக்கும் கதவு’ என்றே சொல்கிறார்கள். அது குட்டியைத் தூக்காது என்று சொன்னால் பொய். செத்த குட்டியைத் தின்பது அதிகம்தான், உயிரோடு இருக்கும் குட்டியை எடுப்பதும் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆட்டுக்காரர்கள் இன்றைக்கும் கோபத்தில் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற பறவைப் பிரியர்களை எனக்குப் பிடிக்காது. தூக்கிக்கொண்டு போவது அவர்கள் வீட்டுக் குட்டியை அல்லவே. இப்போது அரசே ஆட்டுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, மேய்ச்சலைக் கூடுதலாகக் கவனிக்கும் செலவுக்குப் பணம் கொடுக்கிறது. போதாது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

மல் தீவில் சமாளித்த விதம் கொஞ்சம் வேறு. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே கழுகு காட்டுவதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஊர் அறக்கட்டளை, வனத்துறை, போலீஸ், பறவைச் சங்கம் எல்லாரும் அதில் கூட்டு. பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி ஊர்க் காரியங்களுக்கே போகிறது. 2011இல் வந்த ஓர் ஆய்வு, கழுகுக்காக வருகிறவர்களால் அந்தச் சின்னத் தீவில் வருடத்துக்கு 50 லட்சம் பவுண்டு வரை செலவாகிறது என்றது. தங்கும் விடுதி வைத்திருப்பவருக்கு இது இனிப்பான செய்தி. மலை மேல் ஆடு மேய்ப்பவருக்கு அதில் எவ்வளவு வந்தது என்று நீங்கள் கேட்டால், உங்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

பிரிட்டனில் செம்பருந்தையும் இப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தார்களாமே? நம்ம கருடனா அது? (வாசகி, சென்னை)

இல்லை, பெயர்க் குழப்பம். நம் செம்பருந்து வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக இருக்கும் கருடன். அவர்களுடையது வால் நன்றாகப் பிளந்த வேறு பருந்து. வேல்ஸில் ஒரு சில ஜோடிகள்தான் மிஞ்சியிருந்தன. 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் குஞ்சு கொண்டுவந்து விட்டார்கள். இப்போது எவ்வளவு பெருகிவிட்டது என்றால், 2022இலிருந்து இங்கிலாந்துக் குஞ்சுகளை ஸ்பெயினுக்கே திருப்பி அனுப்பினார்கள், அங்கே குறைந்துவிட்டதாம். சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி. இதற்குக் கூடு காக்கும் வேலை குறைந்து, ‘தோட்டத்தில் இறைச்சி போடாதீர்கள்’ என்று ஜனங்களிடம் கெஞ்சும் வேலை கூடிவிட்டது. பழகிப்போய்க் கையில் இருக்கும் சாண்ட்விச்சையே பறிக்கிறது. கடற்கரையில் கரும்பருந்திடம் பஜ்ஜியைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த வலி தெரியும்.

நம் பக்கம் இப்படி எதுவும் இல்லையா? (வாசகர், ஈரோடு)

கழுகை விட மோசமான நிலையில் பாறு இருக்கிறது, பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அதுதான். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறுகளைக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் அதையும் நிறுத்தினார்கள். ஹரியானாவில் பிஞ்சோர் மையத்தில் வளர்த்துப் பெருக்கி வெளியே விடுகிறார்கள். நம் மாயாறு பள்ளத்தாக்கில் அப்படி விட்டதில்லை, ஆற்றோரம் நீர்மருது மரங்களில் தானாகவே மிஞ்சிக் கூடு கட்டுகிறவை. அங்கே தொண்டர்கள் மரத்தடியில் உட்கார்வதைவிட மருந்துக் கடையிலும் மாட்டுக்காரர் வீட்டு வாசலிலும் நின்று பேசுவதுதான் அதிகம். புலி அடித்த மாட்டில் கோபத்தில் விஷம் வைத்துவிட்டால் புலியோடு பாறும் கூட்டமாகச் சாகும் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு பாறு கூட்டின் படம் அனுப்பினேன். இதுவரை போடவில்லையே, ஏன்? (வாசகர், நீலகிரி)

படம் பிரமாதம். ஆனால் இடது ஓரத்தில் ஊர்ப் பெயரோடு மைல்கல் தெரிகிறது. அதை வெட்டிவிட்டு இன்னொரு முறை அனுப்புங்கள்.