கிறிஸ்தவ ஆண்கள் தங்கள் பலவீனத்தைச் சக விசுவாசிகளிடம் வெளிப்படையாகச் சொல்வது சரியா?

சரிதான். ஆனால் யாரிடம், எந்த ஏற்பாட்டில் என்பது முக்கியம்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று எழுதிய விதிகளைப் பாருங்கள். சிறு குழுக்கள் வாரம் ஒருமுறை கூடும். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. சேரும் முன்பே, "உன் குறைகளைப் பிறர் சுட்டிக்காட்ட விரும்புகிறாயா?" என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும், கடந்த சந்திப்புக்குப்பின் அறிந்தே செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்ற கேள்விகள். இதில் எனக்கு மிகப் பிடித்த விதி ஒன்று உண்டு: முதலில் ஒருவர் தன் நிலையைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே மற்றவர்களைக் கேட்க வேண்டும். அங்கே வெறும் விசாரணை அதிகாரி என்று யாரும் இல்லை. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16-தான் இதற்கு அடிப்படை.

வெஸ்லியே தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னவர்தான். கிறிஸ்துவை நம்பித் தன் இருதயம் அனலடைந்ததாக அவர் சொன்ன 1738 மே 24 அனுபவத்துக்குப்பின் எட்டு மாதம்கூட ஆகவில்லை; 1739 ஜனவரியில், தான் இப்போதும் கிறிஸ்தவன் அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார்.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் ஆண்கள் பெரும்பாலும் ஜெயித்து முடித்த போராட்டத்தையே சொல்கிறார்கள். இன்று இரவும் தொடரும் குடியையோ கோபத்தையோ சொல்வதில்லை. மேடை அதற்கு ஏற்ற இடமும் அல்ல. இரகசியம் காக்கிற இரண்டு மூன்று சகோதரர்களோடு தொடங்குங்கள். நீங்களே முதலில் பேசுங்கள்.