குவென்ச் டெஸ்ட் இருக்கட்டும், குழாய் எங்கே போகிறது?

கேள்வி: குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தை ஸ்கேன் சென்டருக்கு விட்டிருக்கிறோம். செகண்ட் ஹேண்ட் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. வந்து இறங்கியிருக்கிறது. "ஒருமுறை குவென்ச் செய்து பார்த்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்கிறார் புரோக்கர். மேலே நாங்கள் குழந்தைகளோடு குடியிருக்கிறோம். வெடிக்குமா? டெஸ்ட் செய்யச் சொல்லலாமா?

பதில்: வெடிகுண்டு போல வெடிக்காது. டெஸ்ட்டும் வேண்டாம்.

அந்தக் காந்தச் சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும். எங்காவது லேசாகச் சூடேறினால் அதில் ஓடும் மின்சாரமெல்லாம் வெப்பமாகி ஹீலியம் கொதித்துக் கிளம்பும். அதுதான் குவென்ச். ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். பழைய மெஷின்களில் ஆயிரம் லிட்டருக்கு மேலேயே இருக்கும். விஷமில்லை, தீப்பற்றாது. ஆனால் அறைக்குள் புகுந்தால் மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது.

குவென்ச் சோதனையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்த கதை. இங்கே வேண்டுமென்றே செய்தால் லட்சக்கணக்கான ரூபாய் ஹீலியம் போகும், சுருளும் கெடலாம். அவசரத்தில் குவென்ச் செய்து காந்தத்தை அணைக்கும் சிவப்பு பட்டன் வேலை செய்கிறதா என்பதைக் காந்தத்தின் சக்தியை இறக்காமலேயே சர்வீஸ் இன்ஜினியர் பார்த்துச் சொல்வார். சர்டிபிகேட் விற்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது, குவென்ச் ஆனால் ஹீலியம் வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகும் குழாயை. ஏசி டக்டை டேப் சுற்றி ஒட்டி, பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக வெளியே விட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். புறா கூடு கட்டுகிறதென்று வாயில் கோணி கட்டியதையும் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் தேங்கினால் குவென்ச் நேரத்தில் உறைந்து கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். அப்புறம் வாயு ஸ்கேன் அறைக்குள்தான் திரும்பும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அந்த அழுத்தத்தில் இழுத்தாலும் வராது. குழாய் வாய் உங்கள் ஜன்னல், பால்கனி, துணி உலர்த்தும் இடம் எதற்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அறையில் ஆக்சிஜன் அலாரம் கட்டாயம்.

'புது மாடலுக்குக் குழாயே வேண்டாம் சார்' என்பார் புரோக்கர். உண்மைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. ஏழு லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே அடைத்து சீல் வைத்த காந்தங்கள் சில ஆண்டுகளாக வருகின்றன. அவற்றுக்குக் குழாய் தேவையில்லை. 'ஹீலியம் குறையவே குறையாது' என்று விற்கப்படும் மெஷின் வேறு. அதில் ஆவியாவதைத் திரும்பக் குளிரவைக்கிறார்கள், அவ்வளவே. ஹீலியம் முழுசாக உள்ளே இருக்கிறது, குழாயும் வேண்டும். மின்சாரம் நின்றால் குளிரூட்டலும் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்?

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா என்பீர்கள். சிடி ஸ்கேனுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர் இல்லையென்பதால் அவர்கள் வருவதில்லை. கருவின் பாலினம் சொல்லாதே என்ற சட்டத்துக்கான பதிவை மட்டும் சுகாதாரத் துறை அதிகாரிகள் கறாராகக் கேட்பார்கள். மொட்டைமாடி ஏறிக் குழாயைப் பார்க்க ஒரு ஆள் கிடையாது.

ஆகவே நீங்களே ஏறுங்கள். உங்கள் மெஷின் மாடலுக்குத் தயாரிப்பாளர் தந்த குழாய் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, சர்வீஸ் இன்ஜினியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், குழாயைச் சோதித்து எழுத்தில் தர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடம் கைக்கு வரும்வரை காந்தத்துக்கு மின்சாரம் ஏற்ற விடாதீர்கள்.