மலாவியில் நெட் தாங்குமா?

வணக்கம். ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டயர் நகரில் இரண்டு வருட வேலை, வாரம் மூன்று நாள் வீடியோ மீட்டிங், நெட் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அங்கே கொஞ்ச காலம் இருந்தவன். நகரத்துக்குள் 4ஜி தாங்கும். சிக்கல் கரண்ட்டில்தான்.

மலாவியின் மின்சாரம் பெரும்பாலும் ஷிரே ஆற்றை நம்பியது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்தபோது நாட்டின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கரண்ட் போனால் வைஃபை ரௌட்டரும் போய்விடும். அதனால் ரௌட்டருக்கென்றே ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள், லேப்டாப்புக்கு அப்புறம் பார்க்கலாம். பிளக் நம்மூர் உருண்டைக் கால் இல்லை, தட்டைக் கால் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை. அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சிம் இரண்டு எடுங்கள்: ஏர்டெல் ஒன்று, அந்நாட்டு கம்பெனியான டிஎன்எம் ஒன்று. பாஸ்போர்ட் காட்டிப் பதிய வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும். ரீசார்ஜுக்குத் தெருவோரம் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சிவப்புக் குடை ஏர்டெல், பச்சை டிஎன்எம். மொபைல் பணமும் (போன் நம்பரிலேயே போட்டு எடுக்கும் பணம்) அவர்களிடமே.

கடற்கரை இல்லாத நாடு, நெட் கேபிள் அண்டை நாடுகள் வழியாகத்தான் வரவேண்டும். 2024 மே மாதம் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகள் திணறின. மீட்டிங் தவறவே கூடாது என்றால் செயற்கைக்கோள் வழி நெட் தரும் ஸ்டார்லிங்க் 2023 முதல் அங்கே கிடைக்கிறது. செலவைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பேட்டரி ரேடியோ ஒன்று. சிரிக்காதீர்கள், புயல் எச்சரிக்கை எனக்கு முதலில் வந்தது அதில்தான்.