வாசகர் கேள்வி: லாயர் இல்லாம அப்பீல் போகலாமா?

கேள்வி: வீட்டு ரெனவேஷனுக்கு 28,000 வெள்ளி வாங்கிட்டு கான்ட்ராக்டர் பாதியிலேயே விட்டுட்டாரு சார், மாஜிஸ்திரேட் கோர்ட்ல நானே கேஸ் போட்டேன், விசாரணை முடிஞ்சு போன வாரம் தள்ளுபடி பண்ணிட்டாங்க. லாயருக்குக் கட்ட காசில்ல. நானே அப்பீல் பண்ண முடியுமா?
– கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: முடியும் தம்பி, ஆனா முதல்ல காலண்டரைப் பாருங்க. தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள அப்பீல் நோட்டிஸை ஃபைல் பண்ணணும், தீர்ப்பு எழுத்துல வரட்டும்னு உக்காந்திருந்தீங்கன்னா கதை முடிஞ்சுது, அதான் நிறைய பேரு மாட்டிக்கிற இடம். அப்பீல் போறது ஹைகோர்ட்டுக்கு. 10,000 வெள்ளி இல்ல அதுக்குக் கீழே உள்ள கேஸ்னா சட்டக் கேள்விக்கு, அதாவது மாஜிஸ்திரேட் சட்டத்தைத் தப்பா எடுத்துக்கிட்டாருங்கிற மாதிரி விஷயத்துக்கு மட்டும்தான் அப்பீல், உங்க தொகைக்கு அந்தத் தடை இல்ல.

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, அங்க போயி கான்ட்ராக்டர் ஏமாத்துன கதைய மறுபடி முதல்ல இருந்து சொல்றது வேலைக்கு ஆகாது, மாஜிஸ்திரேட் எந்த இடத்துல தப்பா முடிவு பண்ணாரு, எந்த ரசீத, எந்த சாட்சிய கவனிக்காம விட்டாருன்னு காட்டணும். அப்பவே குடுத்திருக்கக்கூடிய ஆதாரத்த இப்ப புதுசா நீட்டுனா சாதாரணமா ஏத்துக்க மாட்டாங்க. நோட்டிஸுக்கு அப்புறம் அப்பீல் ரெக்கார்டுன்னு, கீழ் கோர்ட்ல நடந்த கேஸோட ஆவணங்களைச் சேத்து ஒரு கட்டு பேப்பர் தயார் பண்ணணும், உண்மையிலேயே தலைவலி அதுதான். தோத்தா எதிராளியோட செலவும் உங்க தலையில விழலாம், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

நாளைக்கே ஜாலான் டூத்தா கோர்ட் கவுன்டர்ல ஃபாரம் கேளுங்க, அரசாங்க சட்ட உதவி இலாகாவான ஜபாத்தான் பந்துவான் குவாமான்லயும் ஒரு எட்டு விசாரிங்க, வருமானம் கம்மின்னா உதவி கிடைக்கலாம்.